எத்தனை பெட்டி ஏற்றலாம்? அசமன்பாடும் பின்னோக்கிக் கணக்கிடுதலும்

வார்த்தைக் கணக்கில் 'அதிகபட்சம்', 'குறைந்தது', 'மிகாமல்' என்ற சொற்களில் ஏதாவது வந்தால், பெரும்பாலும் அது அசமன்பாட்டுக் கணக்குதான், அதாவது '=' குறிக்குப் பதில் ≤, ≥ போன்ற சிறிது-பெரிது குறி வரும் கணக்கு.

ஒரு லிஃப்ட் 500 கிலோ வரை தாங்கும். 72 கிலோ எடையுள்ள ஒருவர், தலா 24 கிலோ உள்ள பெட்டிகளோடு ஏறுகிறார். ஒரே நடையில் எத்தனை பெட்டி கொண்டுபோகலாம்?

படி 1: தெரியாததற்குப் பெயர் வையுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை ப.

படி 2: குறியைத் தேர்ந்தெடுங்கள். '500 வரை' என்றால் 500ம் சேர்த்தி, எனவே ≤. '500ஐ விடக் குறைவாக' என்றிருந்தால் <.

72 + 24ப ≤ 500

படி 3: இருபுறமும் 72ஐக் கழித்தால் 24ப ≤ 428. 24ஆல் வகுத்தால் ப ≤ 17.83.

படி 4: சறுக்குவது இங்கேதான். 17.83ஐ 18 ஆக்கினால் மொத்த எடை 504 கிலோ, லிஃப்ட் தாங்காது. 17 என்றால் 480 கிலோ. விடை 17. மாறாக, 215 பேருக்கு 40 இருக்கைப் பேருந்துகள் குறைந்தது எத்தனை வேண்டும் என்றால் 5.375 வரும், அங்கே 6தான் விடை, ஐந்தில் 15 பேர் மிஞ்சிவிடுவார்கள். முழு எண்ணாக்கும் திசையைத் தசமப் புள்ளி தீர்மானிப்பதில்லை, கணக்கின் நிபந்தனை தீர்மானிக்கிறது. அதனால் தசம விடைக்குக் கீழும் மேலும் உள்ள இரண்டு முழு எண்களையும் மூலக் கணக்கில் போட்டுப் பார்ப்பதை ஒருபோதும் விடாதீர்கள்.

குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும்: 2 < 3, ஆனால் −2 > −3. பேட்டரி 100 சதவீதத்தில் தொடங்கி மணிக்கு 8 குறைகிறது, 20க்குக் கீழே போகக் கூடாது. எத்தனை மணி நேரம் ஓடலாம்? அந்த மணி நேரம் ம. 100 − 8ம ≥ 20. இதை −8ம ≥ −80 ஆக்குவதைவிட, 8மவை வலப்பக்கம் கொண்டுபோய் 80 ≥ 8ம என்று எழுதுங்கள். ம ≤ 10. குறியைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லை.

இனி பின்னோக்கி. தொட்டியில் பாதித் தண்ணீர் காலையில் செலவு, மாலையில் 60 லிட்டர் செலவு, கடைசியில் குறைந்தது 90 லிட்டர் மிஞ்ச வேண்டும். தொடக்கத்தில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கடைசிச் செயலை முதலில் அவிழுங்கள்: 90 + 60 = 150. பிறகு பாதியை: 150 × 2 = 300. குறைந்தது 300 லிட்டர். வரிசை மாறி 90 × 2 + 60 = 240 என்று போட்டால், காலையில் 120 போய், மாலையில் 60 போய், மிஞ்சுவது 60 மட்டுமே.

காலையில் செலவானது பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்கு என்றால்? 150உடன் அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி 200 என்பது தவறு. 150 என்பது மிஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பங்கு 75, மொத்தம் 225.