90 கிராம் வெல்லத்தில் சிறுபருப்புப் பிரதமன்: எடையைக் கவனிப்பவர்களுக்கான செய்முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்யாண விருந்து ஒரு பாயசத்தோடு முடிவதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த பகுதி என்பதால், வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்யும் பாயசங்களான பருப்புப் பிரதமனும் அடைப் பிரதமனும், பாலில் அரிசி அடை சேர்த்துச் செய்யும் பாலடையும் இன்றும் இலையில் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. அதில் மட்டி வாழைப்பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கிப் போட்டு உண்பது எங்கள் பக்கத்து வழக்கம். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு பாயசத்தை அறவே விட்டுவிடுவது என்பது பெரும்பாலோருக்கு ஓணம் வரை மட்டுமே தாங்கும் வைராக்கியம். விடுவதற்குப் பதிலாக அதையே இலேசாக்கிச் செய்வது எப்படி என்பதை, என் வீட்டு அடுக்களையில் இப்போது நிலைத்துவிட்ட அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். தேங்காய்ப்பால் பிழிவது, பருப்பு களைவது போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது

ஆறு பேருக்கு வழக்கமான முறையில் செய்தால் 100 கிராம் சிறுபருப்பு, 200 கிராம் வெல்லம், ஒரு முழுத் தேங்காயின் பால், மூன்று மேசைக்கரண்டி நெய், ஒரு கை முந்திரியும் கிஸ்மிஸும் செல்லும். பருப்பு ஏறத்தாழ 350 கலோரி, வெல்லம் 760, தேங்காய்ப்பால் 600, நெய் 360, முந்திரி வகையறா 200 என்று கூட்டினால் ஒருவர் பங்குக்கு 380 கலோரி அளவில் வந்து நிற்கும். தேங்காய் சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து இது கொஞ்சம் ஏறும், இறங்கும். ஆனால் பருப்பு இந்தக் கணக்கில் குற்றவாளி அல்ல என்பது எப்படிக் கூட்டினாலும் மாறாது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி, ஒரு கிராம் இனிப்பு 4 கலோரி என்பதால், நெய்யிலும், தேங்காயில் முதலில் பிழியும் கெட்டியான தலைப்பாலிலும் கை வைப்பதுதான் முதல் வேலை.

இங்கே ஒரு நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். சீனியை எடுத்துவிட்டு வெல்லம் போட்டால் எடை ஏறாது என்று பலரும் எண்ணுகிறார்கள். 100 கிராம் சீனி சுமார் 400 கலோரி என்றால், அதே எடை வெல்லம் சுமார் 380 கலோரி. கருப்பட்டியும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. நிறமும் மணமும் வேண்டி வெல்லம் போடலாம். எடை குறையும் என்று நினைத்துப் போட வேண்டியதில்லை.

தேவையானவை

சிறுபருப்பு 100 கிராம், வெல்லம் 90 கிராம், தோல் கறுக்கத் தொடங்கிய நடுத்தர ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று, தேங்காய் ஒரு மூடி, நெய் இரண்டு தேக்கரண்டி, பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய் ஒரு மேசைக்கரண்டி, கூவைக்கிழங்கு மாவு (ஆரோரூட்) ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவையும் கூட்டினால் ஒருவர் பங்கு ஏறத்தாழ 210 கலோரி ஆகும்.

கருவிகளில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: சமையலறை டிஜிட்டல் தராசு. வெல்லத்தைக் கிண்ணத்தால் அளப்பதில் பொருளே இல்லை. உடைத்த விதத்தைப் பொறுத்து ஒரே கிண்ணம் ஒரு நாள் நிரம்பவும் மறுநாள் பாதி வெற்றிடமாகவும் இருக்கும். உருளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்குச் சமைக்க வெண்கல உருளிக்கு நிகரில்லை. ஆறு பேருக்குச் செய்யும்போது அது தேவையில்லை என்பதோடு தொல்லையும் ஆகும். அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டைத் தன்னுள் வைத்திருப்பதால், கடைசியில் ஊற்றும் தலைப்பால் திரிந்துவிடக்கூடும். அடி கனத்த எவர்சில்வர் பாத்திரமே எனக்குப் பிடித்தது. மிக்ஸியும் வேண்டாம், மத்து போதும். மிக்ஸியில் அடித்த பருப்பு பசை போலாகிவிடும். மத்தால் மசித்தால் அங்கங்கே பருப்பு நாவில் தட்டுப்படும்.

செய்முறை

முதலில் பருப்பை நெய்யில்லாமல் வெறும் பாத்திரத்தில் சிறு தீயில் வறுக்க வேண்டும். மணம் எழுந்து, பாதிப் பருப்பு இளஞ்சிவப்பாகும்போது இறக்கிக் களைந்து, குக்கரில் 400 மில்லி தண்ணீர் விட்டு மூன்று நான்கு விசில் வரை வேக விடுங்கள். வழக்கமாக இந்த இடத்திலேயே ஒரு கரண்டி நெய் இறங்கிவிடும். வறுபடுவதற்கு நெய் அவசியமில்லை; நெய்யின் வேலை கடைசியில்தான் வருகிறது.

பருப்பு வேகும் நேரத்தில் தேங்காயைத் துருவி, கொஞ்சமாக வெந்நீர் விட்டு அரைத்து, தலைப்பாலில் 60 மில்லியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மீதமிருக்கும் தலைப்பாலைப் பாத்திரத்தின் பக்கத்திலேயே வைத்திருந்தால் கை தானாக அதை எடுத்து ஊற்றிவிடும் என்பதால், அப்போதே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுவது நல்லது. மீன் குழம்புக்கு உதவும். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு 300 மில்லி இரண்டாம் பால் பிழிந்துகொள்ளுங்கள்.

ஏத்தம்பழத்தைத் தோலோடு ஆவியில் வேக வைத்து, தோலையும் நடுவிலுள்ள கறுப்பு விதை நரம்பையும் நீக்கி மசிக்க வேண்டும். வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தும் இனிப்பு தாழாமல் நிற்பது இந்தப் பழத்தால்தான். பழுக்காத பழத்தைப் போட்டால் மாவுச் சுவைதான் மிஞ்சும். வெல்லத்தைக் கால் கிண்ணம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வையுங்கள்.

இனி வருவதுதான் இந்தச் செய்முறையில் நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம். கொழுப்பைக் குறைத்த பாயசம் பெரும்பாலும் சுவையால் தோற்பதில்லை, ஓடுவதால் தோற்கிறது. எங்கள் பக்கம் பாயசத்தை இலையில் ஊற்றிக் கையால் எடுத்து உண்கிறோம். ஊற்றிய இடத்தில் நிற்காமல் அவியலை நோக்கி ஓடும் பாயசத்தை, அது எவ்வளவு இனித்தாலும், எவரும் பாயசமாக மதிப்பதில்லை. தலைப்பால் தந்து வந்த அந்தக் கனத்தை இப்போது பருப்பிலிருந்தும் பழத்திலிருந்தும் வரவழைக்க வேண்டும். அதற்கு வரிசை முக்கியம்.

குக்கரைத் திறந்ததும் ஒரு பருப்பை விரலிடையில் வைத்து அழுத்திப் பாருங்கள்; எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். நடுவில் சிறிதளவு கடினம் இருந்தாலும் இன்னொரு விசில் விடுங்கள், ஏனெனில் வெல்லம் சேர்ந்த பிறகு பருப்பு அதற்கு மேல் மெதுப்படுவது அரிது. நன்கு வெந்ததை மத்தால் முக்கால் பங்கு மசித்து, வெல்லப் பாகையும் ஏத்தம்பழ விழுதையும் சேர்த்து, எந்தப் பாலும் விடாமல், நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே வரட்ட வேண்டும். முதலில் கொழகொழவென்று கிடக்கும். கொஞ்ச நேரத்தில் குமிழிகள் பெரிதாகி, ‘தப் தப்’ என்று சத்தத்தோடு உடைந்து கைமேல் தெறிக்கும். அந்தக் கட்டத்தில் நீளக் காம்புள்ள கரண்டி வேண்டும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அடி தெரிந்து, கோடு மெல்ல மூட வேண்டும். கோடு உடனே மூடினால் இன்னும் ஈரம் இருக்கிறது. மூடாமலே நின்றால் அடிபிடிக்கப் போகிறது. நெய் விடாமல் வரட்டுவதால் கையை எடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பதத்தில் இரண்டாம் பாலை மூன்று தவணையாக ஊற்றிக் கலக்கி, சிறு தீயில் கொதிக்க விடுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து நின்றால் போதும். அப்போதும் நீர்த்திருப்பதாகத் தோன்றினால் மட்டும் கூவைக்கிழங்கு மாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதி வந்து பளபளப்பு ஏறியதும் தீயை அணைத்துவிடுங்கள். கூவை மாவை நெடுநேரம் கொதிக்க விட்டால் கெட்டித்தன்மை மீண்டும் இளகிவிடும். சோள மாவும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் அதன் பச்சை வாடை தேங்காய்ப்பாலில் மறையாது என்பது என் கருத்து.

அடுப்பை அணைத்துச் சற்று ஆற விட்ட பிறகே அந்த 60 மில்லி தலைப்பாலை ஊற்ற வேண்டும். ஊற்றிய பின் பாத்திரம் மறுபடி அடுப்பேறக் கூடாது. கடைசியில் சேர்ப்பதால் அதன் புதுமணம் கொதியில் வற்றாமல் அப்படியே நிற்கும். அளவு குறைந்தது தெரியாமல் போவதற்கு அதுவே காரணம். சுக்கு, ஏலக்காய், அந்தச் சிட்டிகை உப்பு ஆகியவற்றையும் இப்போது சேர்த்துவிடுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள், இருக்கும் இனிப்பை அது எடுத்துக் காட்டும்.

நெய்யின் முறை இப்போதுதான். தாளிப்புக் கரண்டியில் இரண்டு தேக்கரண்டி நெய்யைச் சூடாக்கி, தேங்காய்ப் பல்லைப் பொன்னிறமாக வறுத்து, நெய்யோடு பாயசத்தின் மேலே ஊற்றுங்கள், கிளற வேண்டாம். மேலே மிதக்கும் நெய் முதல் வாயிலேயே மணத்தைக் கொடுத்துவிடும். உள்ளே கலந்துபோகும் நெய் கலோரியைக் கூட்டுகிறதே தவிர மணமாக வெளிப்படுவது குறைவு. என் மாமியார் பாயசத்தில் நெய் குறைந்தால் கரண்டியைப் பார்த்தே சொல்லிவிடுவார், இதை உண்டுவிட்டு, “நெய் நல்ல நெய்யா இருக்கே, எங்க வாங்கின?” என்றுதான் கேட்டார்.

சூடாகவோ வெதுவெதுப்பாகவோ பரிமாறுங்கள். குளிர்ந்த பாயசத்தில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்பட்டுத் தெரியும் என்பதால், குளிர்பெட்டியில் வைத்து உண்பவர்கள் வெல்லத்தைக் கூட்டச் சொல்வார்கள்.

பாலடை விரும்புவோருக்கு

முழுக் கொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு உண்டு; இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5 சதவீதம்தான். ஒரு லிட்டர் இந்த இலேசான பாலையும் 60 கிராம் சீனியையும் குக்கரில் ஊற்றி, மிகச் சிறு தீயில், ஆவி மெல்லக் கசியும்படி முக்கால் மணி நேரம் விட்டால், மில்க்மெய்ட் இல்லாமலே இளஞ்சிவப்பு நிறம் வந்துவிடும். கடையில் கிடைக்கும் அரிசி அடை (அரிசி மாவை அவித்து நறுக்கிய சிறு துண்டுகள்) 60 கிராமைக் கொதிநீரில் ஊற வைத்து, ஒட்டாமலிருக்கப் பச்சைத் தண்ணீரில் அலசி, அதில் சேர்த்துச் சற்று நேரம் கொதிக்க விட வேண்டியதுதான். ஒருவர் பங்கு 160 கலோரிக்குள் அடங்கும். ஆனால் பாலடையோடு போளி வைத்துக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே தொடர்ந்தால், குறைத்தது அத்தனையும் போளியில் திரும்பி வந்துவிடும்.

செயற்கை இனிப்பூட்டிகள்

பிரதமனில் நான் இவற்றைச் சேர்ப்பதில்லை. வெல்லம் இனிப்பு மட்டுமன்று, நிறமும் கனமும் அதிலிருந்தே வருகின்றன. பாலடையில் சீனியில் பாதியை மட்டும் மாற்றலாம். அஸ்பார்டேம் கொதியில் இனிப்பை இழக்கும், மேலும் பினைல்கீட்டோனூரியா (பினைல்அலனைன் என்ற அமினோ அமிலத்தை உடலால் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடு) உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது; சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியா சூட்டைத் தாங்கும் என்றாலும் அளவு மீறினால் பின்கசப்பு தரும். எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் பரிந்துரைத்திருப்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

வாசகர்கள் கேட்டவற்றுக்காகப் பின்னர் சேர்த்தவை

சர்க்கரை நோயாளிகள் இதை உண்ணலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இது கலோரி குறைந்த பாயசம், சர்க்கரை நோயாளிகளுக்கான பாயசம் அன்று. இதிலுள்ள வெல்லமும் பழுத்த பழமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் ஊற்றியபோது திரிந்துவிட்டதாகச் செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வெல்லத்தில் சில சமயம் புளிப்பு இருக்கும், கொதிக்கும் பாலோடு சேர்ந்தால் பால் திரியும். வெல்லம் சேர்ந்த பருப்பை வெதுவெதுப்பாகும்வரை ஆற வைத்து, காய்ச்சி ஆறிய பாலைக் கலந்து, மறுபடி கொதிக்க வைக்காமல் பரிமாறுவது பாதுகாப்பான வழி.

அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பால் வாங்குபவர்கள் அதன் மேலுள்ள கொழுப்பு அளவைப் படித்துப் பாருங்கள். கெட்டியான வகை என்றால் அது தலைப்பாலுக்குச் சமம். கடைசியில் 60 மில்லி மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாலுக்கு அதில் நான்கு மேசைக்கரண்டியைத் தண்ணீரில் கலந்து 300 மில்லியாக்கினால் போதும்.

பலாப்பழக் காலத்தில் ஏத்தம்பழத்துக்குப் பதில் சக்கை வரட்டி (பலாச்சுளையைச் சுண்டக் கிளறிய விழுது) சேர்க்கலாம். கடைச் சக்கை வரட்டியில் வெல்லமும் நெய்யும் முன்பே இருப்பதால், அது 100 கிராம் போட்டால் வெல்லத்தை 40 கிராமாகக் குறைத்துவிட்டு, ருசி பார்த்துத் தேவையானால் கூட்டுங்கள்.

ஆறிய பிறகு பாயசம் இறுகிவிடுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பருப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அப்படித்தான் ஆகும். உறைய வைத்த தலைப்பாலைத் தேடிப் போகாமல், கொஞ்சம் வெந்நீரையோ மீதமுள்ள இரண்டாம் பாலையோ விட்டு இளக்கி, அடுப்பில் நேரடியாக வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். தேங்காய்ப்பால் அதற்கு மேல் புளித்துவிடும்.