இல்லாத கையின் வலிக்கு அறிதுயில்: சிகிச்சையாளருக்கான வழிமுறை

கை துண்டிக்கப்பட்ட பிறகும் அது இருப்பதுபோல் உணர்ந்து வலிப்பவருக்கு அறிதுயில் (ஹிப்னாசிஸ்) செய்யும் முறை இது. முதலில் கையின் எஞ்சிய பகுதியை மருத்துவர் பார்க்கட்டும். வெட்டுப்பட்ட நரம்பின் நுனியில் வளரும் முடிச்சு, புண், சரியாகப் பொருந்தாத செயற்கை உறுப்பு இவற்றால் வரும் வலிக்குச் சிகிச்சையே வேறு. மாத்திரைகளையும் தானாக நிறுத்தக் கூடாது.

அடுத்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களையே எழுதிக்கொள்ளுங்கள். எரிகிறதா, முறுக்குகிறதா, நகம் உள்ளங்கையில் குத்துகிறதா? 0 முதல் 10 வரை அளவும் குறியுங்கள். அறிதுயிலில் எரிச்சல் என்பவரைக் குளிர்ந்த நீரையும், இறுக்கம் என்பவரைத் தளர்வையும் கற்பனை செய்யச் சொல்லுங்கள். பொதுவான அறிதுயில் ஒலிப்பதிவுகளில் இந்தப் பொருத்தம் இருக்காது.

சாய்ந்து உட்காரவைத்து, ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு நீளும்போது கண்ணை மூடட்டும். 10லிருந்து 1 வரை, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்.

இல்லாத கையின் மடங்கிய விரல்களை இப்போது மனதில் விரிக்கச் சொல்லுங்கள். சுண்டு விரலில் தொடங்கி, ஒரு வெளிமூச்சுக்குக் கொஞ்சம் மட்டும். அவசரப்பட்டால் பிடிப்பு கூடும். அப்போது இருக்கும் கையை மெல்லத் திறக்கவைத்து, இல்லாத கையும் அதைப் பின்தொடர்வதாகச் சொல்லுங்கள். “கை இல்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் அதை உணர்கிறார். மறுத்தால் நம்பிக்கை போய்விடும். “வலிக்காது” என்பதும் வலியையே நினைவூட்டும்.

விபத்தின் காட்சி திரும்பி வந்து பதறினால் உடனே நிறுத்தி, கண்ணைத் திறக்கவையுங்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

1 முதல் 5 வரை எண்ணி விழிக்கச் செய்து, மீண்டும் அளவைக் கேளுங்கள். 8 என்பது 6 ஆனாலே நல்ல தொடக்கம். பிறகு வீட்டில் தினமும் 15 நிமிடம் அவரே பழகட்டும்.