மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறீர்களா? ஒரு டிஸ்சார்ஜின் பின்னால் போங்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன்ஸ் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு ஓ.பி. கவுன்டரில் பதிவுச் சீட்டு போடும் வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படித்து இந்த இடத்துக்கு வந்தவள். ஒவ்வோர் ஆண்டும் மருத்துவமனை நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் எங்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். பெரம்பலூர், கரூர், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். பாடப்புத்தகத்தில் இருப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வீட்டுக்குப் போகிறவரை யார் யார் கையில் என்னென்ன நடக்கிறது என்று கேட்டால் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இந்த வேலைக்கான பயிற்சி அந்தப் பாதையில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பு. இதில் அதிக நேரம் குழம்ப வேண்டாம். எந்தப் பட்டப்படிப்பு முடித்திருந்தாலும் மருத்துவமனை மேலாண்மையில் எம்.பி.ஏ. சேரலாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அந்தப் படிப்பு இருக்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலை) பட்டத்துக்கு நாடு முழுக்க மதிப்பு உண்டு. ஜெய்ப்பூர் ஐ.ஐ.எச்.எம்.ஆர். 1984 முதல் இதற்கென்றே இயங்குகிறது. டெல்லி எய்ம்ஸின் எம்.எச்.ஏ. மருத்துவம் படித்தவர்களுக்கு உரியது. பெயரைப் பார்த்து மற்றவர்கள் ஆசைப்பட வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பயிற்சி நிறுவனமான லைக்கோ, கண் மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே பயிற்சிகள் நடத்துகிறது. ஒரு கண் அறுவை முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருக்கும்படி அவர்கள் வேலையை அமைத்திருப்பதை ஒருமுறை பார்த்தால், நிர்வாகம் என்றால் என்ன என்பது கண்ணெதிரே தெரியும்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மாதம் அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பாடம் எடுப்பவர்களில் எத்தனை பேர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் என்றும் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

இன்னொன்றை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டீன், கண்காணிப்பாளர், ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) பதவிகள் எல்லாம் மருத்துவர்களுக்குத்தான். நமக்கான வேலைகள் பெரும்பாலும் தனியார், அறக்கட்டளை, மிஷன் மருத்துவமனைகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருக்கின்றன. "கவர்மென்ட் வேலை எப்போது?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். படிப்பில் சேருமுன் அவரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

சரி, சேர்ந்தாயிற்று, இன்டர்ன்ஷிப்பும் வந்துவிட்டது. முதல் வாரம் நான் எந்த மாணவருக்கும் மேஜை கொடுப்பதில்லை. ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுத்து வார்டுக்கு அனுப்புகிறேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் யாரைப் பார்த்து "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறாரோ, அந்த ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டின் பின்னாலேயே போக வேண்டும். அது எந்த மேஜைக்குப் போகிறது, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பியது, எதற்காகக் காத்திருந்தது. இவ்வளவுதான் வேலை.

செய்து பார்த்தால் மருத்துவமனை முழுவதும் அந்த நோட்டுக்குள் வந்துவிடும். டாக்டர் ஒன்பது மணிக்குச் சொல்லிவிட்டு ஓ.டி. என்கிற அறுவை அரங்குக்குப் போய்விடுவார். டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். அவருக்கு அதே வார்டில் இன்னும் நாலு பேரின் சம்மரி பாக்கி. நேற்று அனுப்பிய ரத்தப் பரிசோதனையில் ஒரு முடிவு வந்திருக்காது. பயன்படுத்தாத ஊசிகளையும் பாட்டில்களையும் சிஸ்டர் எண்ணி ஃபார்மசிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே ரிட்டர்ன் போட்டால்தான் பில் முடியும். பிசியோதெரபி, டயட், மயக்க மருத்துவர் கட்டணம் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பில்லிங்கில் பார்ப்பார்கள். காப்பீடு இருந்தால் இறுதி பில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய் அப்ரூவல் வர வேண்டும். பணம் கட்டி கேட் பாஸ் வாங்கி, டாக்டர் கடைசியாக ஒருமுறை மருந்தை விளக்கி, சக்கர நாற்காலி வந்து, ஆட்டோ ஏறுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். காலையிலேயே பையைக் கட்டி வைத்துவிட்டு, சாப்பிடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் காத்திருப்புதான். அதைக் குறைப்பதுதான் நம் வேலை.

பத்து டிஸ்சார்ஜை இப்படிப் பின்தொடர்ந்த பிறகு நோட்டைத் திறந்து, எந்த இடத்தில் அதிக நேரம் போகிறது என்று பாருங்கள். "இன்சூரன்ஸ்தான் லேட்" என்று எல்லோரும் சொல்வார்கள். நேரத்தைக் கூட்டினால், காப்பீட்டுக்கு ஃபைல் போவதற்கு முன்பே, சம்மரியிலும் ஃபார்மசி ரிட்டர்னிலும் மணிக்கணக்கு போயிருப்பது பல இடங்களில் தெரியவரும். அதற்கு மருந்து, நாளை வீட்டுக்குப் போகக்கூடியவர்களின் பட்டியலை முந்தைய நாள் மாலையே வார்டில் எழுதுவது. சம்மரியின் முக்கால்வாசியை அன்றிரவே அடித்து வைக்கலாம், ரிட்டர்னையும் இரவே முடிக்கலாம். மாணவர்களின் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காப்பீட்டு மேஜை. இன்டர்ன்ஷிப்பில் நீண்ட காலம் எங்கே இருக்கலாம் என்று கேட்டால் இங்கே என்பேன். நோயாளியின் உடம்பும் பணமும் பயமும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் இதுதான்.

இரண்டு வகைக் காப்பீட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். இந்த வழியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். அரியலூரிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஒருவரிடம் "கார்டு இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. எந்த ஆபீஸ், என்னென்ன காகிதம் என்று எழுதிக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று தனியார் கேஷ்லெஸ், அதாவது நோயாளி முன்பணம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தருவது. 2024 மே மாத இறுதியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கையைக் கண்டிப்பாகப் படியுங்கள். முதல் அனுமதிக் கோரிக்கைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது நோயாளி இறந்துவிட்டால், கோரிக்கையை உடனே முடித்து உடலை ஒப்படைக்க வழிசெய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்த விதிகள் தெரிந்த ஒருவர் மேஜையில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய துணை என்று யோசித்துப் பாருங்கள்.

இதிலேயே அறை வாடகைக் கணக்கு என்று ஒன்று உண்டு. பாலிசியில் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் அறை வரை என்று இருக்கிறது. குடும்பத்தார் 6,000 ரூபாய் அறையை எடுக்கிறார்கள். வித்தியாசம் நாளுக்கு 2,000 ரூபாய்தானே என்று நினைப்பார்கள். பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்து, மூன்றில் இரண்டு பங்குதான் தருவார்கள். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐ.சி.யூ. கட்டணம் இந்த வெட்டில் வராது. இதை அட்மிஷன் அன்றே, அறையைத் தேர்வு செய்யும் முன்பே, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கடைசி நாளில் சொன்னால் அவர்கள் நகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நான் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கணக்கை எல்லோரிடமும் கேட்கிறேன். மதிப்பெண் பட்டியலைவிட இதற்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம்.

எண்களுக்கு வருவோம். பயப்பட ஒன்றுமில்லை, நாலைந்து கணக்குகள்தான். 100 படுக்கை, 30 நாள் என்றால் மாதத்துக்கு 3,000 படுக்கை நாட்கள். நோயாளிகள் தங்கிய நாட்கள் 2,250 என்றால் படுக்கைப் பயன்பாடு 75 சதவீதம். அந்த மாதம் 500 பேர் வீடு திரும்பியிருந்தால் ஒருவர் சராசரியாகத் தங்கியது நாலரை நாள். இந்தச் சராசரி அரை நாள் குறைந்தால் புதுக் கட்டிலே போடாமல் எத்தனை பேரைக் கூடுதலாகச் சேர்க்க முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்செலில் பிவட் டேபிளும் வி-லுக்கப்பும் தெரிந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் போதும்.

எம்.ஆர்.டி. என்கிற மருத்துவ ஆவணப் பிரிவு பெரும்பாலும் தரைத்தளத்துக்குக் கீழே, ஏ.சி. இல்லாத அறையில் இருக்கும். மாணவர்கள் அங்கே போகத் தயங்குவார்கள். தயவுசெய்து ஒரு வாரமாவது போங்கள். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. விபத்து கேஸ் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போலீஸுக்குத் தகவல், கோர்ட் சம்மன் என்று தனிக் கதை. பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால் எந்த டாக்டர் கையெழுத்துப் போட மறக்கிறார், எந்த ஷிப்டில் நேரம் குறிக்காமல் விடுகிறார்கள் என்று தெரியும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எச்.சின் தணிக்கையாளர்கள் வந்தால் முதலில் கேட்பதில் கேஸ் ஷீட்டும் ஒன்று.

என்.ஏ.பி.எச். தரநிலையில் பத்து அத்தியாயங்கள். மொத்தத்தையும் உருப்போட வேண்டாம். ஒரு விதியைப் படித்துவிட்டு, அது வார்டில் எங்கே நடக்கிறது என்று போய்ப் பாருங்கள். உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-லிருந்து தொடங்கலாம். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், குழாயும் கையுறையும் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. இதை யாரிடம் கற்றுக்கொள்வது என்றால், ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம். தப்பான பையில் ஊசி விழுந்தால் குத்துவது அவர் கையில்தான். அதனால் அவருக்கு இது நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவரை அக்கா என்று கூப்பிட்டு, பக்கத்தில் நின்று கேளுங்கள்.

லைசென்ஸ் ஃபைலை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன்கீழ் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே, சி.டி.க்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப் பதிவு, ஃபார்மசி லைசென்ஸ், லிஃப்ட். ஒவ்வொன்றும் எப்போது முடிகிறது என்று ஒரே தாளில் எழுதி வைக்கத் தெரிந்தவரை எந்த மருத்துவமனையும் விடாது.

பேச்சையும் பழக வேண்டும். கோபமாக வருகிறவரை நின்றபடி சமாளிக்காதீர்கள்; உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், முழுக்கச் சொல்லவிடுங்கள். பெரியவர்களை "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள், "பேஷண்ட் அட்டெண்டர்" என்று கூப்பிடாதீர்கள். தெரியாததை "விசாரித்து அரை மணியில் சொல்கிறேன்" என்று சொல்லி, அரை மணியில் போய்ச் சொல்லுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும் சரி. சீனியர் சிஸ்டரிடம் நல்ல பெயர் எடுங்கள். அவர் ஒத்துழைக்காத எந்தத் திட்டமும் வார்டுக்குள் நுழையாது.

இன்டர்ன்ஷிப் கேட்டு எழுதும்போது பொதுவான கடிதம் அனுப்பாதீர்கள். "உங்கள் மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் நேரத்தை ஆய்வு செய்ய விரும்புகிறேன், காலை எட்டு மணிக்கு வார்டில் இருப்பேன்" என்று நாலு வரியில் எழுதுங்கள். 100 முதல் 300 படுக்கை உள்ள இடம் கற்றுக்கொள்ள நல்லது. மிகப் பெரிய மருத்துவமனையில் ஒரே பிரிவில் உட்காரவைத்துவிடுவார்கள்.

வேலை கிடைக்கும்போது ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். இரவு ஷிப்ட் தருவார்கள். முதல் ஆண்டில் மறுக்காமல் பாருங்கள். இரவில் சூபர்வைசர் ஒருவரும் நீங்களும்தான் இருப்பீர்கள், எல்லாப் பிரச்சினையும் உங்களிடம் வரும். பெண்கள் இரவு ஷிப்டுக்கு ஒப்புக்கொள்ளும் முன் வீட்டுக்கு வண்டி உண்டா, தங்க அறை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். சேர்ந்தவுடன் எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால், மார்க்கெட்டிங் வேண்டாம், வார்டு கோஆர்டினேட்டர் வேலை கொடுங்கள் என்று சொல்லுங்கள்.