வருகை குறைந்ததன் காரணம் எழுத்துக் குறியாக்கம்

நெல்லை வட்டாரக் கல்வெட்டுகளைப் பற்றிய ஒரு பழைய இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அதன் வருகைக் கணக்கு பெரிதாகத் தோன்றினாலும், சர்வர் பதிவுகளைப் பிரித்துப் பார்த்ததில் பெரும்பகுதி தானியங்கி நிரல்களின் வருகையே என்று தெரிந்தது. மனித வாசகர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு, ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி விடை தந்தது: தமிழ்ச் சொற்களுக்கான தேடல்களில் அத்தளம் ஏறத்தாழத் தென்படவே இல்லை. பக்கங்கள் யாவும் திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தன. அதில் தமிழ் எழுத்துகள் 8 பிட் குறியெண்களில் அமைந்திருப்பதால், ஒருங்குறியை (யூனிகோட்) எதிர்பார்க்கும் தேடுபொறிக்கு அவை பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே தெரியும்.

ஆகவே உரை முழுவதையும் மென்பொருளால் ஒருங்குறிக்கு மாற்றி, அது பிசகிய இடங்களை (கிரந்த எழுத்துகளில்தான் தொல்லை அதிகம்) கையால் திருத்தினேன். பழைய முகவரிகளைப் புதியவற்றுக்கு 301 வழிமாற்றத்தால் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று அறிவித்துப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் முறை) இணைத்தேன். இதைச் செய்யாவிட்டால் பிற தளங்கள் தந்திருந்த இணைப்புகள் வீணாகிவிடும். 'பக்கம் 4' என்பது போன்ற தலைப்புகளை ஊர்ப்பெயரும் அரசன் பெயருமாக மாற்றி, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடத்தைக் கன்சோலில் சமர்ப்பித்தேன்.

பின்வந்த அறிக்கைகளில் தேடல் முடிவுகளில் தோன்றும் எண்ணிக்கை முதலில் உயர்ந்தது. சொடுக்குகள் மெதுவாகவே தொடர்ந்தன. தேடுபவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயரையே தட்டச்சிடுகிறார்கள் என்பதை அங்குள்ள வினவல் பட்டியல் காட்டியதால், இப்போது ஊர்வாரி அட்டவணை ஒன்றைத் தொகுத்து வருகிறேன்.