முதன்முறையாக டீம் லீட் ஆகியிருக்கிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்

நேற்று வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கோட் எழுதிக்கொண்டிருந்த ஆளைத் திடீரென்று கூப்பிட்டு, "இந்த ப்ராஜெக்ட்டுக்கு நீங்கதான் லீட், ஏழு பேர், ஆறு மாசம்" என்று சொல்லிவிடுவார்கள். பல இடங்களில் பயிற்சி என்பது அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் வந்தது, முதல் ப்ராஜெக்ட்டில் நன்றாகவே சொதப்பினேன்.

ப்ரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சிறு குழுக்களைப் பற்றி வந்திருந்த 50 கட்டுரைகளை அலசிவிட்டு, குழுக்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வளர்கின்றன என்று 1965-இல் எழுதினார். முதலில் கூடுவார்கள், அடுத்து மோதிக்கொள்வார்கள், பிறகு பழகி ஒரு முறைக்கு வருவார்கள், அப்புறம்தான் வேலை ஓடும். 1977-இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து, கலைவது என்ற ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்தார். கம்பெனி வகுப்புகளில் ஃபார்மிங், ஸ்டார்மிங் என்று ஸ்லைடு போடுவது இதைத்தான். அவர் பார்த்த கட்டுரைகளில் பெரும்பகுதி மனநல சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை என்பதை மட்டும் ஸ்லைடில் போட மாட்டார்கள். அதனால் உங்கள் டீம் இந்த வரிசையை அச்சு மாறாமல் பின்பற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போது எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள உதவும், அது போதும், ஏனென்றால் கட்டத்துக்குக் கட்டம் லீடின் வேலை மாறுகிறது.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். எது சொன்னாலும் "ஓகே" வரும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள், யாருக்கும் யாரையும் இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தச் சமயத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: கிளையன்ட்டோடு யார் பேசுவது, எல்லோரும் எழுதிய கோட் பகுதிகளை யார் ஒன்றாகச் சேர்ப்பது (மெர்ஜ்), லீவு என்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே "முடிந்தது" என்றால் என்ன அர்த்தம். சிரிக்காதீர்கள், டெவலப்பருக்குக் கோட் எழுதினாலே முடிந்தது, டெஸ்டருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். இந்த ஒரு வார்த்தைக்காகவே பாதி டெட்லைன் சண்டைகள் நடக்கின்றன.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் உரசல் வரும். எங்களுடையது ஒரு மருத்துவமனைக்கான பில்லிங் வேலை. இரண்டு சீனியர்கள். பைசாவை ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் பண்ண வேண்டும் என்று ஒருவர், கடைசித் தொகையில் பண்ணினால் போதும் என்று இன்னொருவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொருவரையும் தனித்தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய், இருவரிடமும் "நீங்க சொல்றது சரிதான்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சண்டை நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து, அவரவர் வழியிலேயே எழுதிய இரண்டு பகுதிகளையும் சேர்த்தபோது 33.60, 21.70, 14.80 என்று மூன்று வரி உள்ள ஒரே பில், திரையில் 71 ரூபாயும் பிரின்ட்டில் 70 ரூபாயுமாக வந்தது. அந்த ஒரு ரூபாயைத் துரத்திச் சரிசெய்ய நான்கு நாள் போயிற்று.

அதனால் வேலை சம்பந்தப்பட்ட சண்டை என்றால் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். நடுவில் அந்த பில்லை வையுங்கள், பேச்சு ஆளை விட்டு பில்லின் பக்கம் திரும்பிவிடும். அரை மணி நேரம் கொடுங்கள், முடிவுக்கு வராவிட்டால் நீங்கள் முடிவெடுத்து, ஏன் என்று இரண்டு வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். தோற்றவருக்குக் காரணமாவது கையில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மனஸ்தாபம் என்றால் கதை வேறு, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும், அதற்கு டீக்கடை சரியான இடம்தான்.

இதைத் தாண்டிவிட்டால் டீம் தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும், உங்களுக்குப் பெரிய வேலை இருக்காது. தினமும் காலையில் நடக்கும் சின்ன ஸ்டாண்டப் கூட்டத்தை வேறு யாராவது நடத்தட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உறவு கெட்டுவிடக் கூடாதே என்று பயந்து தப்பைத் தப்பு என்று சொல்லாமல் விடுவார்கள். கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொன்னால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

வேலை ஓட ஆரம்பித்த பிறகுதான் நம்மைப் போலக் கோட் எழுதிக்கொண்டிருந்து லீட் ஆனவர்களுக்குச் சோதனை, கை சும்மா இருக்காது. ஒரு ஃப்ரெஷர் எழுதியதை ராத்திரியோடு ராத்திரியாக நானே மாற்றி எழுதிவிட்டேன், உதவி செய்கிறோம் என்ற நினைப்பில்தான். அடுத்த முறை அரைகுறையாக அனுப்பினான். கேட்டால், "எப்படியும் நீங்க மாத்திடுவீங்கல்ல, அண்ணா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கட்டத்தில் உங்கள் இடம் வாசல். "சின்ன மாற்றம்தான்" என்று வரும் கிளையன்ட்டையும், "ரெண்டு நாளைக்கு ஒரு ஆள் தாங்க" என்று வரும் பக்கத்து மேனேஜரையும் அங்கேயே நிறுத்துவதுதான் உங்கள் வேலை.

ஐந்தாவது மாதம் வேலை தாமதமானால் மேலிடம் மூன்று பேரைத் தருகிறேன் என்று சொல்லும். வாங்குவதற்கு முன் யோசியுங்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், தாமதமாகும் சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே சொல்லிவிட்டார். கணக்கு எளிது: ஏழு பேருக்குள் இருவர் இருவராகப் பேச 21 வழிகள், பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகும் நேரம் பழையவர்களுடையது. போதாததற்கு, டீம் மறுபடி அந்த "ஓகே" கட்டத்துக்குப் போய்விடும். முடிந்தால் ஆளுக்குப் பதில் ஸ்கோப்பை, அதாவது செய்ய வேண்டிய வேலையின் அளவை, குறைக்கச் சொல்லுங்கள். ஆள் வந்தே தீருவார் என்றால், அவரோடு ஒரு துணையைப் போட்டு, முதல் வாரமே ப்ரொடக்ஷன் வரை, அதாவது நிஜப் பயன்பாடு வரை, போகும்படி ஒரு சின்ன வேலையைக் கொடுங்கள்.

ரிலீஸ் ஆனதும் கேக் வெட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அதற்கு முந்தின வாரமே, யார் எதைச் செய்தார்கள் என்று பெயர் போட்டு ஒரு மெயில் எழுதி, அவரவருடைய அடுத்த மேனேஜரையும் சிசியில் வைத்து அனுப்பிவிடுங்கள். அப்ரைசல் வரும்போது உங்களுக்கே பாதி மறந்திருக்கும்.