துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழைய ரிவால்வர்: கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை

பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். உறைக்குள் போய்வந்து கீறல் விழுந்த துப்பாக்கி பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். கண்ணாடி போலத் தேய்த்து வைத்திருப்பதைத்தான் நான் சந்தேகப்படுவேன், குறிப்பாகப் பக்கத் தகட்டின் திருகுத் தலைகள் சிதைந்திருந்தால். யாரோ வீட்டு மேஜையில் வைத்துத் திறந்து நோண்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

நான் இருக்கும் டெக்சஸில் பழைய துப்பாக்கிக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது ஸ்மித் அண்ட் வெஸன் 686. அதன் தோட்டா .357 மேக்னம்தான், ஆனால் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போகும். செலவும் உதைப்பும் குறையும். ஆறு தோட்டா மாடல் என்றால் எந்தப் பிரிவில் சுடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கம்) நடத்தும் ரிவால்வர் பிரிவில் எட்டுத் தோட்டாக்காரர்களோடு மோத வேண்டும். ரிவால்வருக்கென்றே இருக்கும் ஐகோர் சங்கத்தில் ஆறு தோட்டாவுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

கடைக்காரர் காலி என்று சொன்னாலும் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். பிறகு ட்ரிகர் இழுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கேட்காமல் இழுத்தால் முகம் சுளிப்பார்கள், நியாயமும்கூட.

முக்கியமான சோதனை டைமிங், அதாவது சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டுகிறதா என்பது. அறைகளில் ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுக்கொள்ளுங்கள். வெறும் அறையாக இருந்தால் சுட்ட தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரம் லேசாக ஆடி, நல்ல துப்பாக்கியையும் கெட்டதாகக் காட்டிவிடும். இடது கை விரலால் சிலிண்டரைச் சற்றே உரசிப் பிடித்தபடி ட்ரிகரை ஆமை வேகத்தில் இழுங்கள். ஹேமர் விழுவதற்கு முன்பே சிலிண்டர் 'டிக்' என்று பூட்ட வேண்டும். எல்லா அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே ஓர் அறை மட்டும் பிந்துவது சகஜம். வேகமாக இழுத்தால் சுழன்ற வேகத்திலேயே சிலிண்டர் போய்ப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. விற்பவர்கள் சடசடவென்று இழுத்துக் காட்டுவது இதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிந்தும் அறையிலிருந்து குண்டு குழலுக்குள் நேராக நுழையாது. ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் துப்பும். பக்கத்தில் டைமரோடு நிற்கும் அதிகாரி உங்களை மறக்க மாட்டார்.

அடுத்தது சிலிண்டரின் முன்பின் ஆட்டம். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சட்டைப் பையில் இருக்கட்டும். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிக் குழலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள், பிறகு முன்னுக்குத் தள்ளி அளந்து பாருங்கள். வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்றைத் தாண்டினால் வேலை இருக்கிறது. இடைவெளி ஆயிரத்தில் ஆறு என்றால் அருமை, பத்தைத் தாண்டினால் வேண்டாம். சிலிண்டரைத் திறந்து சுழற்றிவிட்டு எக்ஸ்ட்ராக்டர் தண்டின் நுனியைக் கவனியுங்கள். சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் பார்ப்பது போலத்தான். தண்டு நேராக இருந்தும் மூடும்போது சிலிண்டர் சரியாகப் பொருந்தவில்லையென்றால், யாரோ சினிமா பாணியில் மணிக்கட்டை உதறி மூடிக் கிரேனை (சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்கும் கையை) வளைத்திருப்பார்கள்.

குழலின் பின்வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதே ஸ்மித் அண்ட் வெஸனின் மாடல் 19 என்றால் அடிப்பக்கத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அங்கே உலோகம் மெல்லிசு. சிலிண்டருக்கு மேலே ஓடும் மேல்பட்டையில் நெருப்பு அரித்த கோடு பற்றிப் பலர் பதறுவார்கள். ஓரளவோடு அது நின்றுவிடும். .357 ஸ்னாப் கேப் ஏதாவது அறையில் முழுதாக இறங்க மறுத்தால், .38 சுட்டுச் சேர்ந்த கரி வளையமாக இருக்கலாம். அது தேய்த்தால் போகும்.

கிரேனைத் திறந்தால் மாடல் எண் தெரியும். வெறும் 686 அல்லது 686-1 என்றிருந்தால் பக்கத்தில் M முத்திரை உண்டா என்று பாருங்கள். சில தோட்டாக்களின் பிரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டி) பின்னோக்கிப் பிதுங்கிச் சிலிண்டர் இறுகியதால், 1987-இல் நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்த மாடல்கள் இவை.

போட்டிக்காரர் கைமாற்றும் துப்பாக்கியில் ட்ரிகர் வெண்ணெயாக இருக்கும். அங்கேதான் கவனம் தேவை. கைப்பிடியின் முன்பக்கத்துத் திருகைத் தளர்த்தியோ ஸ்பிரிங்கை மாற்றியோ இளக்கியிருப்பார்கள். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் போட்டால் வெடிக்கும், மற்றதற்கு வெறும் 'கிளிக்'. "எந்தப் பிரைமர் போட்டுச் சுட்டீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். ட்ரிகர் முன்னால் திரும்பும் விதத்தையும் பாருங்கள். 1999-இல் புகழ்பெற்ற ரிவால்வர் வீரர் ஜெரி மிக்குலெக் ஆறு தோட்டா ரிவால்வரில், நடுவே மறுபடி நிரப்பி, 12 முறை சுட எடுத்துக்கொண்டது 2.99 விநாடி. மந்தமாகத் திரும்பும் ட்ரிகரை வைத்துக்கொண்டு அந்தத் திசையில் நினைக்கவே முடியாது.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்குகள் இல்லாமல் வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் கேட்பார்கள்.

விலை பேசும்போது முன்பின் ஆட்டம், இளகிய ஸ்பிரிங், கரி, கீறல் எல்லாம் தள்ளுபடிக்கான காரணங்கள். ஆட்டத்தைக் குறைக்கும் மெல்லிய ஷிம் வளையமும் புது ஸ்பிரிங்கும் சில்லறைச் செலவு. டைமிங் பிந்தினால் கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கூலியைக் கழித்துக் கேளுங்கள். குழலில் வெடிப்போ வீங்கிய வளையமோ இருந்தால் பேரமே வேண்டாம், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.