மழைக்காலம் என்றால் எந்த ஊர் மழைக்காலம்? நோய் வரைபடத்தைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்தால் போதும், "மழைக்காலம் வந்துவிட்டது, இந்தந்த நோய்கள் வரும், எச்சரிக்கை" என்ற செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவத் தொடங்கிவிடும். டெல்லிக்கும் மும்பைக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தச் செய்தி வந்து சேரும் நேரத்தில் தஞ்சாவூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. ஜூலையில் படித்துப் பயந்து ஆகஸ்டில் மறந்துவிட்ட எச்சரிக்கை, உண்மையிலேயே தேவைப்படும் நவம்பரில் யார் நினைவிலும் இருப்பதில்லை. இந்தியா முழுமைக்கும் ஒரே நோய்க்காலம் இருப்பதாக நினைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு.

இன்ஃபுளூயன்சா காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரில் அது குளிர்கால நோய். ஜனவரி முதல் மார்ச் வரை உச்சத்தில் இருக்கும். டெல்லி, புணே, லக்னோ ஆகிய ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழையோடு ஏறுகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருந்து அக்டோபரில் ஏறுகிறது. ஆகவே தடுப்பூசி போட்டுக்கொள்ளும் மாதமும் ஊருக்கு ஊர் மாறத்தான் வேண்டும். ஊசி தரும் பாதுகாப்பு சில மாதங்களில் தேயத் தொடங்கிவிடும். காஷ்மீருக்கு அக்டோபர் சரி. ஜூலையில் காய்ச்சல் ஏறும் ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். "குளிர் தொடங்குமுன் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டது.

மழை நின்றதும் பயம் விடுவது

"மழைதான் விட்டுவிட்டதே, இனி டெங்கு எங்கிருந்து வரும்?" என்று கேட்பவர்களோடு உட்கார்ந்து நாள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேங்கிய நீரில் பொரித்த ஏடிஸ் முட்டை, கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அந்தக் கொசு ஒரு டெங்கு நோயாளியைக் கடித்த பின், வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட எட்டு முதல் பன்னிரண்டு நாள். அது கடித்தவருக்குக் காய்ச்சல் தொடங்க நான்கு முதல் பத்து நாள். அவர் மாத்திரை போட்டுப் பார்த்து, குறையாமல் மருத்துவமனைக்கு வந்து, ரத்தப் பரிசோதனை முடிவு பதிவேட்டில் ஏற இன்னும் மூன்று நான்கு நாள். முதல் சுற்றுக்கே ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த நோயாளிகளைக் கடித்த கொசுக்களால் வரும் இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு மாதம். பல இடங்களில் மழை ஓய்ந்த பிறகு டெங்கு வார்டுகள் நிரம்புவதன் காரணம் இதுதான். பத்திரிகையில் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்கத் தொடங்கினால், நாம் துரத்துவது ஒரு மாதத்துக்கு முந்தைய கொசுவை.

தொட்டியைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும் சரியல்ல. ஒரு சிமெண்ட் தொட்டியின் உட்சுவரை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் படிந்த வரிசையில், கரித்தூளை விரலால் தட்டிவிட்டதுபோல் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவைதான் முட்டைகள். தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த முறை நீர் ஏறித் தொட்டதும் பொரித்துவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். குழாயில் தண்ணீர் வராத கோடையில் குடம் குடமாகவும் டிரம் டிரம்மாகவும் சேர்த்து வைக்கும் தெருக்களில், வானத்திலிருந்து ஒரு துளி விழாமலே ஏடிஸ் பெருகுகிறது. மழை அளவை மட்டும் பார்த்து டெங்குவைக் கணிப்பவர்கள் இந்தத் தெருக்களைத் தவறவிடுகிறார்கள்.

எலிக்காய்ச்சலுக்குக் கணக்கு வேறு. வெள்ள நீரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு அது பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் தாக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் நடந்தது இதுதான்: நீர் வடிந்து, மக்கள் வீடுகளைக் கழுவத் தொடங்கிய நாட்களில் நோய் பரவியது. ஆபத்து முடிந்தது என்று மனம் இளகும் நேரம் அது.

பதிவான ஊரைத் தொற்றிய ஊர் என்று நினைப்பது

வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது என்றால், அங்கே ஒருவருக்குப் பரிசோதனை நடந்திருக்கிறது என்றுதான் பொருள். அவர் அங்கேதான் கடிபட்டார் என்று அந்தப் புள்ளி சொல்லவில்லை. ஒடிசாவின் காட்டுக் கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த இளைஞருக்கு வந்த பத்தாம் நாள் மலேரியா என்றால், புள்ளி திருப்பூரில் விழும். கடித்த கொசு அவர் ஊர் ஓடைக்கரையில் இருக்கும். விவாக்ஸ் வகை இன்னும் குழப்பம் தரக்கூடியது. அந்த ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, பல மாதம் கழித்துத் திரும்ப எழும். கொசுவே இல்லாத ஜனவரியில் காய்ச்சல் வந்து, ஊரையும் மாதத்தையும் சேர்த்தே பொய்யாகக் காட்டிவிடும்.

இதைச் சொன்னதும் சிலர் மறுமுனைக்குத் தாவி, "மலேரியா எல்லாம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் கொண்டுவருவது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தப் பேச்சு எனக்குக் கோபம் தருகிறது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு நீண்ட காலம் சென்னையில்தான் பதிவானது. அங்கே அதைப் பரப்பிய அனாஃபிலஸ் ஸ்டீபன்சி கொசு, நம் கிணறுகளிலும் மூடி சரியாகப் பொருந்தாத மாடித் தொட்டிகளிலும் வளர்ந்தது. ஒடிசாவோ 2017-இல் தொடங்கி, எளிதில் போய்ச் சேர முடியாத கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களையும் சோதித்து மருந்து கொடுத்து, மலேரியாவைச் சில ஆண்டுகளிலேயே பெருமளவு குறைத்தது. பழைய வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்து மக்களையே நோய்க்காரர்களாகப் பார்ப்பது அநியாயம். தவறான விவரமும்கூட.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தில் சுமார் 20 கோடி பேர், சிக்கிமில் 6 லட்சத்துச் சொச்சம். மொத்த நோயாளிகளை வைத்து வண்ணம் தீட்டினால் உத்தரப் பிரதேசம் எந்த நோயிலும் சிவப்பாகத்தான் தெரியும். லட்சம் பேருக்கு எத்தனை என்று கேளுங்கள். கேரளம் அடிக்கடி சிவப்பாகத் தெரிவதில், அங்கே தேடிப் பரிசோதித்துப் பதிவு செய்வதற்கும் பங்கு உண்டு. வெள்ளையாகக் கிடக்கும் மாவட்டம் நோயற்றதாக இருக்கலாம். ஆய்வகம் அற்றதாகவும் இருக்கலாம்.

ஒரே மாதம், ஒரே காய்ச்சல், ஆகவே ஒரே நோய்?

இந்தத் தவறு உயிரையே கேட்கும். 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பெருங்கொள்ளைநோயாக வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல், நெல்வயல் நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவால் பரவும் நோய். இந்தியாவில் மனிதர்களிடம் அது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், நம் வேலூர்ப் பகுதியில். 2006 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மழைக்குப் பிறகு, அதே மாவட்டங்களில், குழந்தைகள் வலிப்போடும் நினைவிழப்போடும் வந்துகொண்டே இருந்தார்கள். பருவமும் இடமும் மாறாததால் காரணமும் மாறவில்லை என்றே பலர் நினைத்தார்கள். பத்தாண்டு கழித்து நடந்த ஆய்வுகளில், அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைபஸ் தொற்றின் தடயம் தெரிந்தது. புதர்களில் வாழும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் கடியால் வரும் நோய் அது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை மலிவான மருந்துகளுக்குக் கட்டுப்படும், வேளையோடு கொடுத்தால்.

தமிழ்நாட்டிலும் அது உண்டு. இங்கே அக்டோபருக்குப் பிறகு குளிர்மாதங்களில் கூடும். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் உடலைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு, அரைஞாண் கயிறு பதியும் இடம் என்று பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இருக்காது, இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி.

எல்லைக்கோட்டை நம்புவது

குரங்குக் காய்ச்சல் 1957-இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. பல பத்தாண்டுகள் அதை அந்த வட்டாரத்து நோயாகவே எல்லோரும் பேசினார்கள். 2012-க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுகிலும் அது தலைகாட்டியது. உண்ணிக் கடியால் பரவும், மழையோடு ஒட்டாத நோய் அது. இளம் உண்ணிகள் காட்டுத் தரையில் நிறைந்திருக்கும் டிசம்பர் முதல் மே வரை, அதாவது சருகு பொறுக்கவும் விறகு எடுக்கவும் மக்கள் காட்டுக்குள் போகும் வறண்ட மாதங்களில்தான் கூடும். நிபா வைரஸ் காய்ச்சலையும் இப்படித்தான் 2018 மே மாதக் கோழிக்கோட்டை வைத்துக் கோடை நோய் என்று குறித்துக்கொண்டவர்கள் உண்டு. 2021-லும் 2023-லும் அது செப்டம்பரில் வந்தது.

மலையோர ஊர்களில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் காட்டில் குரங்கு செத்துக் கிடப்பதைக் கண்டால் தொடாதீர்கள், அருகில் போகாதீர்கள். செத்த உடலை விட்டு இறங்கும் உண்ணிகள் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கும். வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்தக் காட்டுக்கு, எந்த நாளில் போனீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.